கையெழுத்திட்ட பின்னர் மனம் மாறினால்...

தோட்டங்களுக்கு நாம் செல்லுமிடமெல்லாம் தொழிலாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, கடனுக்கு வாங்கிய பொருளைப் பற்றியதாகும். "ஐயா, பாரத்தில் கையெழுத்துப் போட்டு விட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் கட்ட முடியாதென்று தெரிகிறது. வேண்டாமென்று சொல்லி விடலாமா?" என்பார்கள். கேள்வி ஒன்றுதான்; ஆனால் அதற்குரிய விடை ஒன்றன்று. கையெழுத்து எந்த இடத்தில் இடப்பட்டது, அதற்குப் பின் எத்தனை நாட்கள் சென்றன, பொருள் வீட்டுக்கு வந்துவிட்டதா என்பவற்றைப் பொறுத்து விடை வேறுபடும்.

கையெழுத்து என்பது வாக்குறுதி. கொடுத்த வாக்கை, மனம் மாறிற்று என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பப் பெற நம் நாட்டுச் சட்டம் எல்லா இடத்திலும் இடமளிப்பதில்லை. எனினும் ஓர் இடத்தில் மட்டும் அது தாராளமாகவே இடமளிக்கிறது. அதுதான் நம் வீட்டு வாசல்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

எடுத்துக்காட்டாக, பால்மரம் வெட்டும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். மனைவி வெட்டு முடிந்து வீடு திரும்பிச் சமையலைக் கவனித்துக் கொண்டிருக்கிறார். கணவர் இன்னும் வரவில்லை. கழுத்துப் பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் பெட்டியுடன் வாசலில் நிற்கிறார். அவர் கொண்டு வந்திருப்பது தண்ணீர் வடிகட்டும் கருவி. வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, அதில் ஏதோ மருந்தைக் கலந்து, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டுகிறார். "பாருங்கள் அக்கா, இதைத்தானே பிள்ளைகள் குடிக்கிறார்கள்? மாதம் நூறே வெள்ளி, இரண்டு ஆண்டில் முடிந்துவிடும்," என்கிறார். மாதம் 100 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுகளென்றால் 2,400 வெள்ளி. அந்தத் தொகையை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்காவும் பிள்ளைகளை எண்ணிக் கையெழுத்திட்டு விடுகிறார்.

இரவில் கணவனும் மனைவியும் அமர்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். மோட்டார் சைக்கிள் தவணை இருக்கிறது. பள்ளிப் பேருந்துக் கட்டணம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களும் மழையால் வெட்டு நின்றுபோகும் நாட்களும் இருக்கின்றன. மாதம் 100 வெள்ளி, நல்ல மாதத்தில் சிறிய தொகை. பால் குறைந்த மாதத்தில் அதுவே அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பணம். காலையில் இருவரும் அந்தக் கருவி வேண்டாமென்ற முடிவுக்கு வருகிறார்கள்.

இவர்களுக்கு வழி உண்டு. 1993ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நேரடி விற்பனைச் சட்டம் (இப்போது பிரமிட் திட்டங்களைத் தடுக்கும் பிரிவுகளும் அதன் பெயரோடு சேர்ந்துள்ளன) வீடு வீடாகச் சென்று விற்பனை செய்வோரைக் கட்டுப்படுத்துகிறது. அத்தொழிலைச் செய்ய நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விலை 300 வெள்ளியோ அதற்கு மேலோ ஆனால், ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதன் படி ஒன்று வாங்குபவரிடம் கொடுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து வேலை நாட்கள் வாங்குபவருக்குச் சிந்திக்கும் காலமாக ஒதுக்கப்பட்டுள்ளன. அதற்குள் அவர் ஒப்பந்தத்தை எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். காரணம் கூற வேண்டியதில்லை. "வீட்டுக்காரர் வேண்டாமென்கிறார்" என்று பொய்யாகவோ மெய்யாகவோ ஒரு சாக்குத் தேட வேண்டியதுமில்லை.

மலாயில் இக்காலத்தைத் 'தெம்போ பெர்த்தெனாங்' என்கிறார்கள். மனம் அமைதி கொள்வதற்கான காலம் என்பது அதன் பொருள். நல்ல பெயர்தான். விற்பவர் எதிரில் இருக்கும்போது இல்லாத அமைதி, அவர் போன பிறகுதானே வருகிறது! இப்படியொரு காலம் உண்டென்னும் வாசகம் ஒப்பந்தத்தில் வாங்குபவர் கையெழுத்திடும் இடத்துக்கு நேர் மேலே பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பதும் சட்டமே. மூலையில் பொடி எழுத்தில் போட்டால் போதாது. ஆகவே உங்கள் கையில் உள்ள தாளை எடுத்துக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறதென்று முதலில் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையிடம் காட்டினாலும் போதும்.

இனி, எவ்வாறு ரத்துச் செய்வது? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். விற்பனையாளரைக் கைத்தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எங்களுக்கு வேண்டாம்," என்கிறார்கள். அவரும் இனிமையாக, "சரி அக்கா, அடுத்த வாரம் நேரில் வந்து பேசுகிறேன்," என்கிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. அதற்கடுத்த வாரம் வருகிறார். அப்போது பத்து நாட்கள் கடந்து விடுகின்றன. வாய்ச்சொல்லுக்குச் சான்று கிடையாது. கடிதம் எழுத வேண்டும். அதுவும் விற்பனையாளருக்கன்று, ஒப்பந்தத்தில் முகவரி தரப்பட்டுள்ள நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

கடிதம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, ஒப்பந்தத்தின் எண், கையெழுத்திட்ட தேதி, பொருளின் பெயர் ஆகியவற்றை எழுதி, அதன் கீழ் மலாயில், 'சாயா மெம்பத்தால்கான் கொந்த்ராக் இனி' என்ற ஒரே வாக்கியத்தை எழுதினால் போதும். இந்த ஒப்பந்தத்தை நான் ரத்துச் செய்கிறேன் என்பதே அதன் பொருள். அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தத்தோடு ரத்துப் பாரம் இணைக்கப்பட்டிருந்தால் அதையே நிரப்பி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகம் தரும் ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சிறு ரசீதுதான் பின்னாளில் உங்களுக்காகப் பேசும் சாட்சி.

வேலை நாட்கள் என்று சட்டம் கூறுவதால், விடுமுறைகள் போகப் பத்து நாட்கள் என்றாகிறது. அப்படியிருந்தும் நாம் கூறும் யோசனை, விடுமுறைகளைக் கழித்துக் கணக்கிட்டுக் கொண்டிராமல், முடிவு செய்த அன்றோ மறுநாளோ அனுப்பி விடுங்கள் என்பதே. தோட்டத்திலிருந்து அஞ்சலகம் உள்ள பட்டணத்துக்குச் செல்ல ஒரு நாள் வெட்டைத் தவறவிட நேரிடலாம். ஒரு நாள் கூலி போனாலும் 2,400 வெள்ளி மிஞ்சுகிறது. பொருள் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருந்தால் அதைப் பொருத்தவோ பயன்படுத்தவோ வேண்டாம். வந்த பெட்டியிலேயே வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பு, கணினிப் பயிற்சி போன்று பல மாதங்கள் தொடர்ந்து நடைபெறும் சேவைகளுக்குப் பணம் கட்டியிருப்போர்க்கும் ஒரு சொல். இவற்றை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கவனிக்கிறது. இடையில் நிறுத்திக் கொள்ள விரும்பினால் நிறுத்தலாம். நிறுவனம் ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டையும், அதுவரை நீங்கள் பெற்ற பொருளுக்கும் பாடத்துக்கும் உரிய தொகையையுமே பிடித்துக் கொள்ளலாம்.

கடைக்கு நாமே சென்றால்

இப்போது பட்டணத்துக்குச் செல்வோம். சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு கடைக்குச் சென்று தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் பார்த்து, தவணை முறையில் எடுக்க ஒப்புக் கொண்டு கையெழுத்திட்டாயிற்று. வீட்டுக்கு வந்து மனம் மாறுகிறது. முன்னர் கூறிய பத்து நாட்கள் இங்கே உண்டா?

இல்லை. இதைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம், ஏனெனில் உண்டென்று நம்பிக் கடை வாசலில் வாதாடி மனம் நொந்து திரும்பியவர்கள் பலர். கடைக்கு நாமே தேடிச் சென்றோம், பார்த்தோம், விலை கேட்டோம், வெளியே வர வழியும் இருந்தது. ஆகவே சட்டம் அங்கே சிந்திக்கும் காலம் தருவதில்லை. சில கடைகள் ஏழு நாட்களுக்குள் மாற்றித் தருவதாக எழுதிப் போட்டிருப்பது அவர்களுடைய வணிக வழக்கமே தவிர, நம்முடைய உரிமையன்று.

ஆனாலும் ஒரு சிறு வாயில் திறந்திருக்கும் நேரம் உண்டு. நீங்கள் கையெழுத்திட்டது விண்ணப்பம் மட்டும்தான் என்றால், நிதி நிறுவனம் இன்னும் 'சரி' என்று கூறவில்லையென்றால், ஒப்பந்தம் அப்போது பிறக்கவேயில்லை. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, மறுதரப்பு ஏற்றுக் கொள்ளும் வரையில் நாம் முன்வைத்ததை மீட்டுக் கொள்ளலாம். ஏற்றுக் கொண்டதாகக் கடிதம் அஞ்சலில் போடப்பட்டு விட்டால் வாயில் அடைபட்டு விடும். அக்கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரும் வரை காத்திருக்கலாம் என்று எண்ணற்க. அன்றே கடைக்குச் சென்று எழுத்து மூலம் தெரிவித்து, உங்கள் படியில் கடையின் முத்திரையைப் பெற்றுக் கொள்வதே வழி.

ஒப்பந்தம் முடிந்து பொருளும் வந்துவிட்டால்? மக்கள் 'சேவா பெலி' என்று கூறும் வாடகைக் கொள்முதலைப் பற்றி 1967ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் அடிப்படையை விளங்கிக் கொண்டால் மற்றவை எளிதாகும். கடைசித் தவணை கட்டி முடியும் வரை பொருள் நமதன்று. நாம் அதை வாடகைக்கு வைத்திருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்வதுபோல், பொருளைத் திருப்பி ஒப்படைத்து வாடகையை முடித்துக் கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. நம் செலவில் பொருளை உரிமையாளரின் வணிக இடத்துக்குக் கொண்டு சென்று, வேலை நேரத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அத்துடன் கணக்குத் தீர்ந்து விடுமா என்றால், பெரும்பாலும் தீராது. கட்டிய முன்பணமும் தவணைகளும் திரும்பி வாரா. அவர்கள் அந்தப் பொருளைப் பழைய பொருளாகவே விற்க முடியும். புதிய தொலைக்காட்சி வீட்டுக்குள் ஒரு மாதம் இருந்தாலே விலை பாதி இறங்கிவிடும் என்பது நாமறிந்தது. விற்ற விலை, நாம் தரவேண்டிய பாக்கிக்கு எட்டாவிட்டால் குறைகின்ற தொகையை நம்மிடம் கேட்கலாம். ஆகவே பொருளை ஒப்படைக்கு முன்பு, இன்று ஒப்படைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும், இன்றே முழுவதையும் கட்டி முடித்தால் எவ்வளவு என்ற இரண்டு கணக்குகளையும் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டியே கட்டி முடிப்போர்க்குத் தவணைக் கட்டணத்தில் கழிவு தரவேண்டுமென்பது சட்டம். கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பு வைத்திருப்போர்க்குச் சில வேளைகளில் இரண்டாவது வழியே நட்டம் குறைந்த வழியாக இருக்கும்.

செய்யக் கூடாதது, சும்மா இருந்துவிடுவது. "வந்து எடுத்துக் கொண்டு போகட்டுமே" என்று தவணையை நிறுத்துவோர் உள்ளனர். தொடர்ந்து இரண்டு தவணைகள் நின்றால் உரிமையாளர் அறிவிப்பு அனுப்பலாம்; அறிவிப்புக்குப் பின் 21 நாட்கள் அவகாசம் உண்டு; அதன் பிறகு பொருளை எடுத்துச் செல்லலாம். எடுத்துச் செல்லும் செலவும் நம் கணக்கிலேயே ஏறும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற ஆணையின்றி எடுக்க முடியாது. இன்னும் சிலர், தவணை முடியாத பொருளை வேறொருவருக்கு விற்றுத் தலைவலியை விடலாமென்று எண்ணுகிறார்கள். நமதல்லாத பொருளை ஏமாற்றி விற்பது குற்றமாகும். அதற்குத் தண்டனை உண்டு.

ஜாமீன் நின்றவரின் நிலை

இப்பொருள் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மனத்தை உறுத்துவது ஜாமீன் விவகாரம். தோட்டத்தில் யாவரும் மாமன், மச்சான், அண்ணன், தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "மச்சான், ஒரு கையெழுத்துத்தானே," என்றால் மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஜாமீன் கையெழுத்து உபசாரமன்று. கடன் வாங்கியவர் எவ்வளவு கடமைப்பட்டவரோ அவ்வளவுக்கு ஜாமீன் நின்றவரும் கடமைப்பட்டவர். வாங்கியவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால், கடை தேடி வருவது இருக்கிறவரையே. தொலைக்காட்சி ஒரு வீட்டில் பாட, அதன் தவணையை அடுத்த வீட்டுக்காரர் கட்டிய கதைகளையும், அதனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக்குவரத்து அற்றுப்போன குடும்பங்களையும் கேள்விப்படாத தோட்டம் இருக்காது. ஆகவே மனம் மாறிப் பொருளைத் திருப்ப எண்ணுகிறவர், கடைக்குச் சொல்லுமுன் ஜாமீன் நின்றவருக்குச் சொல்வது நேர்மை. பாக்கி விழுந்தால் அது அவரையும் தொடும்.

கையெழுத்துக்கு முன்னே கேட்க வேண்டிய தாள்

வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம் செய்யுமுன்பே, ரொக்க விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தவணைக் கட்டணம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று காட்டும் எழுத்து விவரத்தை வாங்குபவரிடம் தரவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஓர் இரவு வைத்திருந்தாலே, கடையில் சட்டம் தராத சிந்திக்கும் காலத்தை நாமே நமக்குத் தந்து கொண்டவர்கள் ஆவோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ரொக்க விலை 3,000 வெள்ளி. முன்பணம் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 வெள்ளி. மாதத் தவணை 97 வெள்ளி 50 காசு, 36 மாதங்கள். தவணைகளின் கூட்டுத் தொகை 3,510 வெள்ளி. முன்பணத்தையும் சேர்த்தால் 3,810 வெள்ளி. ரொக்கமாக வாங்கியவரைவிட 810 வெள்ளி அதிகம். கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பது 97.50 மட்டுமே. 810 என்ற எண், நாம் கேட்கும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

வெற்றுப் பாரத்தில் கையெழுத்திடுமாறு கேட்பதும் தடை செய்யப்பட்டதே. "இங்கே போடுங்கள் அண்ணே, மீதியை நான் நிரப்பிக் கொள்கிறேன்," என்று கூறும் விற்பனையாளர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறார். தொகைகள் யாவும் நிரப்பப்பட்ட பின்னரே பேனாவை எடுக்க வேண்டும். கைந்நாட்டு வைப்போர் பிள்ளையையோ தோட்டப் பள்ளி ஆசிரியரையோ அருகில் வைத்துக் கொண்டு படிக்கக் கேட்டபின் வைப்பது நலம்.

தவணையைச் சம்பளத்தில் பிடித்துத் தருமாறு தோட்ட அலுவலகத்திடம் சொல்லிவிட்டோம் என்று சில கடைக்காரர்கள் கூறுவதுண்டு. அவ்வாறு அவர்களாகவே செய்ய இயலாது. வெளியாருக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளி தாமே எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் துறையின் முன் அனுமதியும் வேண்டும். நீங்கள் கேட்காமல் சம்பளச் சீட்டில் ஏதேனும் பிடிக்கப்பட்டிருந்தால் கிராணியாரிடம் அதற்கான கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பொருளே கெட்டதாக இருந்தால்

இது வேறு விஷயம். மனம் மாறுவது நம்முடைய பக்கம். பொருள் பழுதாயிருப்பது அவர்களுடைய பக்கம். வாங்கிய இயந்திரம் ஒரு வாரத்தில் சுழலாமல் நின்றுவிட்டால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி செப்பனிடவோ மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்தாலும் அந்த உரிமை அழியாது. பழுது தெரிந்த அன்றே கடைக்கு எழுத்து மூலம் அறிவித்து விடுங்கள். ஆனால் பொருள் பழுதென்று கூறித் தவணையை நாமாக நிறுத்துவது ஆபத்து. புகாரைச் செய்துகொண்டே தவணையையும் கட்டி வருவதே பாதுகாப்பு.

கடையோ நிறுவனமோ செவிசாய்க்காவிட்டால், உள்நாட்டு வாணிகத்தைக் கவனிக்கும் அமைச்சின் மாநில, மாவட்ட அலுவலகங்களில் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமாயின் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே மனுச் செய்வதற்கான கட்டணம் 5 வெள்ளி. 2019ஆம் ஆண்டு முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைத்துக் கொள்ள முடியாது, கடைக்கும் முடியாது. அதாவது, பால் வாளி தூக்கும் தொழிலாளியும் கடை முதலாளியும் தத்தம் வாயாலேயே பேசிக் கொள்ள வேண்டிய இடம் அது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். செல்லும்போது ஒப்பந்தத்தின் படி, தவணை ரசீதுகள், அனுப்பிய கடிதத்தின் படி, அஞ்சலக ரசீது ஆகிய எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பல வீடுகளில் இத்தாள்கள் ரொட்டி டின்னுக்குள் பிறப்புப் பத்திரங்களோடு கிடக்கின்றன. அங்கேயே இருக்கட்டும், ஆனால் தவணை முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அவற்றை எறிந்து விடாதீர்கள்.